விரதமும் பட்டினியும்: சிலருக்கு ஏன் தனியாக இருக்கப் பிடிக்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருக்கோடி மாடி வீட்டில் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். ரிட்டையராகிப் பன்னிரண்டு வருஷம். கணவர் தவறி எட்டு வருஷம். மகன் பெங்களூரில் மூன்று ரூம் வைத்த ஃபிளாட் வாங்கி, அதில் ஒரு ரூமை அம்மாவுக்கென்றே ஒதுக்கி, சாமி அலமாரிகூட அடித்து வைத்திருக்கிறார். டீச்சர் போவார், ஒரு பதினைந்து நாள் இருப்பார், பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார், அப்புறம் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

தெருவுக்கு இது புரியவில்லை. மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு கட்சி. பாவம், வயசான காலத்தில் இப்படித் தனியாகக் கிடக்கிறாரே என்று இன்னொரு கட்சி. நான் வெகுநாள் இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். ஒரு சாயங்காலம் தவறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட அவருடைய தபாலைக் கொடுக்கப் போனபோது வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"தனியாவே இருக்கறது ஒரு மாதிரியா இல்லையா டீச்சர்?"

அவர் டம்ளருக்கும் டபராவுக்குமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நான் சஷ்டி விரதம் இருக்கேன்னு வெச்சுக்க. வாசல்ல வந்து நின்னு, 'ஐயோ, வீட்ல அரிசி இல்லையா'ன்னு கேப்பியா தம்பி?"

தனிமையைப் பற்றி நான் படித்த எதுவும் விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. விரதம் இருப்பவர் வயிறும் காலி, பட்டினி கிடப்பவர் வயிறும் காலி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. ஒருவர் எப்போது முடிப்பது என்று தானே நாள் குறித்திருக்கிறார். மற்றவருக்கு அடுத்த வேளை எங்கிருந்து வரும் என்றே தெரியாது.

ஒரே சொல்லில் இரண்டு சங்கதி

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான். "தனிமை வேண்டும்" என்றும் சொல்கிறோம், "தனிமை கொல்கிறது" என்றும் சொல்கிறோம். 2020-இல் கொரோனா வந்தபோது வீட்டு வாசலில் ஒட்டிய நோட்டீசிலும் "தனிமைப்படுத்தப்பட்ட வீடு" என்றுதான் இருந்தது. ஆசைக்கும் அவஸ்தைக்கும் அரசாங்க உத்தரவுக்கும் ஒரே சொல் என்றால் எப்படிப் பேசிப் புரியவைப்பது? ஆங்கிலத்தில் சாலிட்யூட், லோன்லினெஸ் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நம் பழந்தமிழ் இன்னும் கறாரானது. தொல்காப்பியத்தின் உரியியலில் "புலம்பே தனிமை" என்று இரண்டே சொல்லில் ஒரு நூற்பா உண்டு. புலம்பு என்றால் தனிமை. இன்று நாம் "சும்மா புலம்பாதே" என்கிறோமே, அதே புலம்பல்தான். இதில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு பங்கும் உண்டு. நெய்தல் நிலத்துத் தலைவனுக்குப் புலம்பன் என்று பெயர். நெய்தலுக்கு உரிய உணர்வு இரங்கல். கடற்கரை, மாலை நேரம், போன ஆள் இன்னும் திரும்பவில்லை: சங்கப் புலவர் கண்ட தனிமை பெரும்பாலும் இதுதான். தேவனாம்பட்டினத்தில் பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே தமிழில் வள்ளுவர், போர்க்களத்தில் நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடும் குதிரையைப் போன்ற உறவு இருப்பதைவிடத் தனிமையே மேல் என்கிறார். 'தீ நட்பு' அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, தனிமை ஒருவருக்குச் சாபம் என்றால் இன்னொருவருக்குத் தப்பித்தல் என்பது நமக்கும் பழைய சங்கதிதான்.

இனி இந்தக் கட்டுரையில் தானே தேடிப் போவதை ஏகாந்தம் என்கிறேன். வேண்டாமலே வந்து விழுவதை வெறும் தனிமை என்கிறேன். ஏகாந்தம் என்றதும் காவி வேட்டியும் கமண்டலமும் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கிவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் படுத்துக் கிடப்பதும் ஏகாந்தம்தான்.

இன்னொன்று. தனியாக இருப்பது வேறு, தனிமையை உணர்வது வேறு. முந்நூறு பேர் கூடிய கல்யாண மண்டபத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரர் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டே ஒருவர் தனிமையில் வாடலாம். ஆராய்ச்சியாளர்கள் தனிமையை ஒரு கழித்தல் கணக்காகவே பார்க்கிறார்கள்: நமக்கு வேண்டிய உறவுக்கும் கையில் இருக்கும் உறவுக்கும் உள்ள இடைவெளி. வேண்டியது குறைவாக இருப்பவருக்கு, இருப்பது கொஞ்சமே ஆனாலும் கணக்கு நேராகிவிடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போ அதைப் பசியோடு ஒப்பிட்டார். சாப்பிடு என்று உடம்பு கொடுக்கும் சைகை பசி. மனிதரிடம் போ என்று மூளை கொடுக்கும் சைகை தனிமை. கூட்டமாக வாழ்ந்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலையிலிருந்து வந்த உயிரினத்துக்கு அப்படி ஒரு மணி அடிக்கத்தான் வேண்டும். டீச்சர் கசியோப்போவைப் படித்திருக்கமாட்டார்.

அடுப்பை மூட்டிவிட்டுப் போனவர்

ஏகாந்தத்தைப் பற்றிக் கடலூர் மாவட்டத்தில் எழுத உட்கார்ந்துவிட்டு வடலூரைத் தாண்டிப் போக முடியாது. "பசித்திரு, தனித்திரு, விழித்திரு" என்ற வாசகத்தை ஆட்டோவின் பின்புறத்தில்கூடப் பார்க்கலாம். வள்ளலாருடையது. அதில் நடுச்சொல்தான் நமக்கு வேண்டியது. ஆனால் முதல் சொல்லில் தொடங்கினால்தான் நடுச்சொல் விளங்கும்.

1823-இல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பிறகு இந்தப் பக்கமே வந்து, கருங்குழியில் தங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில்தான் அது எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யார் போனாலும் சோறு உண்டு. அடுத்தவர் பசியைக் காணப் பொறுக்காதவர் அவர். அதைப் பிணி என்றே சொன்னார். அதே மனிதர்தான் "பசித்திரு" என்றும் சொன்னார். எனக்கு இது நெடுநாள் முரணாகவே தெரிந்தது. கணக்கு டீச்சரின் விரதக் கதையைக் கேட்ட பிறகுதான் விளங்கியது. தீர்க்க வேண்டிய பசி ஒன்று, தானே ஏற்றுக்கொள்ளும் பசி இன்னொன்று. முன்னதுக்குத் தருமசாலை. பின்னதுக்கு உபதேசம்.

"தனித்திரு" என்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. தத்துவமாக இதைவிட ஆழமாகப் பொருள் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் வாழ்ந்த வரிசையைப் பாருங்கள். முதலில் சோறு போட்டார். 1870-இல் வடலூரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி மேட்டுக்குப்பத்துக்கு ஒதுங்கினார். தங்கிய இடத்துக்குச் சித்தி வளாகம் என்று பெயர் வைத்தார். அங்கிருந்தபடியே 1872 ஜனவரியில் வடலூரில் சத்திய ஞானசபையை நிலைநாட்டினார். 1873 அக்டோபரில் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். உள்ளே இருந்த விளக்கை வெளியே எடுத்துவைத்து, இதை வணங்குங்கள் என்றார். 1874 ஜனவரி 30 அன்று, கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். இன்றும் தைப்பூசத்தன்று ஞானசபையில் ஏழு திரை நீக்கி ஜோதி தரிசனம் முடிந்ததும், கூட்டம் மேட்டுக்குப்பம் நோக்கித் திரும்பும். இரண்டு நாள் கழித்து அந்த அறையின் தரிசனம்.

உள்ளே நடந்தது என்ன என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம். நான் கவனிப்பது வெளியே நடந்ததை. கதவைச் சாத்துவதற்கு முன்னால் வெளியே ஓர் அடுப்பும் ஒரு விளக்கும் எரியும்படி பார்த்துக்கொண்டார். உலகம் எப்படியோ போகட்டும் என்று கதவைச் சாத்தியவர் செய்கிற காரியம் இல்லை இது.

இரண்டு அறைகள்

கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் புதுச்சேரி. அங்கே இன்னொரு அறை உண்டு. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று வந்து இறங்கினார். முதலில் நண்பர்கள், விவாதம், சுருட்டுப் புகை என்று ஆள் நடமாட்டமாகத்தான் இருந்தார். 1926 நவம்பர் 24-க்குப் பிறகு ஆசிரமத்தின் பொறுப்பை, ஆசிரமத்தார் அன்னை என்று அழைக்கும் மீராவிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1950 டிசம்பர் 5-இல் மறையும்வரை, இருபத்துநான்கு வருஷம், அந்த வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். வருஷத்தில் மூன்று நாலு தரிசன நாள்; வரிசையில் வந்து ஒரு கணம் பார்த்துவிட்டுப் போகலாம், பேச்சு கிடையாது. 1928-இல் தாகூர் வந்து சந்தித்தது போன்ற விதிவிலக்குகள் கைவிரலில் அடங்கும்.

இத்தோடு நிறுத்தினால் உலகத்தைத் துறந்தவர் என்றுதான் தோன்றும். ஆனால் 1930-களில் இரவு இரவாக உட்கார்ந்து சீடர்களுக்குப் பதில் எழுதினார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில். யோகம் மட்டுமா? கவிதையில் எங்கே சீர் இடிக்கிறது, எவருக்கு ஏன் கோபம் வருகிறது என்பது வரைக்கும் அதில் உண்டு, கிண்டலும் உண்டு. 1938 நவம்பரில் விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்களோடு தினமும் பேச்சு நடந்தது. ஏகாந்தத்தில் இருந்தவருக்கு இருந்த ஆள் தொடர்பு, அபார்ட்மெண்டில் இருக்கும் பல பேருக்கு இன்று கிடையாது.

இவரையே நான் எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவர் வாழ்க்கையில் வேறொரு அறையும் இருந்தது. 1908 மே மாதம் கைதாகி, கல்கத்தாவில் அலிப்பூர் சிறையில் ஒரு வருஷம் விசாரணைக் கைதியாக இருந்தார். அதில் ஒரு பகுதி தனிக் கொட்டடி. ஒன்பது அடி நீளம், ஐந்தாறு அடி அகலம். முதல் சில நாள்கள் மனம் கிடந்து தவித்ததைப் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். பிறகுதான் அந்தக் கொட்டடியே அவருக்குத் தியான அறை ஆயிற்று. யோகிக்கே அந்த நிலை என்றால் சாதாரண ஆள் என்ன ஆவான்?

என்ன ஆவான் என்று சட்டத்துக்குத் தெரியும். தனிமைச் சிறை என்பது நம் தண்டனைச் சட்டத்தில் தனியான ஒரு தண்டனை. மொத்தமாக மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு தடவைக்குப் பதினான்கு நாளைத் தாண்டக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே வரம்பு கட்டினார்கள். புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நாளுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனித முகம் இல்லாமல் பூட்டிவைப்பதுதான் தனிமைச் சிறை, அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது என்கின்றன 2015-இல் வந்த ஐ.நா.வின் மண்டேலா விதிகள். ஆக, மேட்டுக்குப்பத்திலும் அரவிந்தர் இருந்த புதுச்சேரி மரீன் தெருவிலும் மனிதர்கள் தேடிப்போய் ஏற்றுக்கொண்டதைத்தான் சிறையில் தண்டனையாகக் கொடுக்கிறோம். அறை அதே அறை. தாழ்ப்பாள் யார் கையில் என்பதுதான் வேறு.

சரி, சாமானியர்கள்?

மகான்களை விட்டுவிடுவோம். நமக்குத் தெரிந்தவர்கள் ஏன் தனியாக இருக்கிறார்கள்?

நான் பார்த்தவரை முதல் காரணம் களைப்பு. டீச்சரே சொல்வார்: "முப்பத்தஞ்சு வருஷம், ஒரு பீரியடுக்கு நாப்பது பசங்க. வீட்டுக்கு வந்தா மாமியார், மாமனார், நாத்தனார், அவங்க பசங்க. காபி ஆறிப்போகாம நான் குடிச்சதே ரிட்டையரானப்புறம்தான்." நம் பெண்களுக்குத் தனியாக இருக்க அறுபது வயது ஆக வேண்டியிருக்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. அதற்கு முன்னால் அவர்கள் தனியாக உட்கார ஒரே இடம்தான் உண்டு. பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் மத்தியான வேளை முடிந்து நடை திறக்கும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். தூணில் சாய்ந்தபடி, சாமியையும் பார்க்காமல், யாரோடும் பேசாமல், கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். "கோயிலுக்குப் போய்ட்டு வரேன்" என்றால் வீட்டில் மேற்கொண்டு கேள்வி இல்லை. "கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டு வரேன்" என்றால் இருக்கிறது.

வேலைக்காகத் தனிமையைத் தேடுபவர்கள் இன்னொரு ரகம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியைச் சுற்றி எப்போதும் ஆள்தான். ஆனாலும் முத்தியால்பேட்டைத் தோப்புக்கு அடிக்கடி போய்விடுவார். குயில் பாட்டு அங்கே பிறந்ததாகத்தான் ஊரில் சொல்வார்கள். அவருக்கும் பிறகு தனிமையின் மறுபக்கம் வந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார்.

மனிதர்களால் அடிபட்டு ஒதுங்குபவர்கள் உண்டு. பேசப் பேச மற்றவர்களுக்கு உற்சாகம் ஏறும்போது தனக்கு மட்டும் தெம்பு இறங்குகிறது என்பவர்கள் உண்டு. இவர்களை உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் இன்ட்ரோவர்ட் என்று பிரித்தார். உள்முகமானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்முகமானவர்களுக்குத்தான் ஏகாந்தம் கைவரும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதைக் கேள்விக்கு உள்ளாக்கியது. தன் வாழ்க்கையைத் தன் விருப்பப்படி நடத்துகிறோம் என்ற உணர்வு யாருக்கு இருக்கிறதோ அவர்களே தனிமையை ரசித்து நாடுகிறார்கள்; உள்முகமா வெளிமுகமா என்பது அதைச் சொல்லவில்லை. எனக்கு இது ஆச்சரியமில்லை. எங்கள் டீச்சர் வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

தனியாக இருந்தால் மனசுக்குள் என்னதான் நடக்கிறது? ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியான சோதனைகளில், ஆட்களைப் பதினைந்து நிமிடம் தனியாக உட்காரவைத்தார்கள். கோபம், படபடப்பு மாதிரிக் கொதிக்கும் உணர்ச்சிகள் தணிந்தன. குதூகலம் மாதிரித் துள்ளும் உணர்ச்சிகளும் தணிந்தன. அடுப்பை சிம்மில் வைத்த மாதிரி, நல்லது கெட்டது இரண்டும் அடங்குகிறது. பால் பொங்கி வழியும் நிலையில் இருப்பவருக்கு அதுவே சுகம். ஏற்கெனவே அணையப்போகும் நிலையில் இருப்பவரைத் தனியாக விட்டால்? அதனால்தான் துக்க வீட்டில் ஆளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விட மாட்டேன் என்கிறோம். அந்த வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது.

உட்காரத் தெரியாதவர்கள்

பிடித்தவர்களைப் பற்றியே பேசினால் சமநிலை போய்விடும். எனக்கு உட்காரத் தெரியாது. ஆரோவில் மாத்ரிமந்திருக்கு முன்பதிவு செய்து ஒரு தடவை போனேன். வெள்ளைக் காலுறை கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டு ஏறினோம். வெள்ளைப் பளிங்கு அறை, நடுவில் 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள படிகக் கோளம், அதன் மேல் மேலிருந்து இறங்கும் வெளிச்சம். சாமி படம் இல்லை, மந்திரம் இல்லை, பேச்சு இல்லை. சும்மா உட்கார வேண்டியதுதான். எனக்கு வந்த முதல் நினைப்பு: வண்டிச் சாவியை எடுத்தேனா? இரண்டாவது நினைப்பு, இருமல் வந்தால் என்ன செய்வது. உடனே இருமல் வந்தது. மிச்ச நேரம் முழுக்க அதை அடக்குவதிலேயே போனது. தியானம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தொண்டை எங்கே இருக்கிறது என்று அன்று நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

நான் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டிமதி வில்சன் குழுவினர் ஒரு வேடிக்கையான சோதனை செய்து 2014-இல் வெளியிட்டார்கள். காலி அறை, போன் கிடையாது, பதினைந்து நிமிடம் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டும். பக்கத்தில் லேசாக ஷாக் அடிக்கும் பொத்தான் ஒன்று. அந்த ஷாக்கை முதலிலேயே காட்டி, இனி அடிக்காமலிருக்கக் காசுகூடக் கொடுப்போம் என்று சொன்னவர்கள்தான் கணக்கில் சேர்ந்தார்கள். அப்படியும் பதினெட்டு ஆண்களில் பன்னிரண்டு பேரும், இருபத்துநான்கு பெண்களில் ஆறு பேரும் தாங்களே பொத்தானை அமுக்கிக்கொண்டார்கள். சும்மா இருப்பதைவிட ஷாக் தேவலாம்! "சும்மா இருப்பதே சுகம்" என்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய சாதனைக்கு வைத்த சாதாரணப் பெயர் என்று அன்றுதான் பட்டது.

அப்படியானால் சிலருக்கு மட்டும் எப்படி வருகிறது? குழந்தைகள் மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த டொனால்ட் வினிகாட் 1958-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குப் பதில் சொல்கிறார். தனியாக இருக்கும் திறனைக் குழந்தை கற்றுக்கொள்வது அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான். அடுக்களை வாசலில் குழந்தை கரண்டியை வைத்துக்கொண்டு தன்பாட்டில் விளையாடுகிறது. அம்மா அரிந்துகொண்டிருக்கிறாள். அவள் கொஞ்சவில்லை, கூப்பிடவில்லை; ஆனால் இருக்கிறாள். அந்த நம்பிக்கையில் குழந்தை அவளை மறந்து விளையாட முடிகிறது. வளர்ந்த பிறகு தனியாக நிம்மதியாக இருப்பவர் அந்த அம்மாவை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறார் என்கிறார் வினிகாட்.

விரதக் கணக்குக்கே திரும்பி வருகிறோம், பாருங்கள். வீட்டில் அரிசி இருப்பவரால்தான் விரதம் இருக்க முடியும். வேண்டியபோது போய் நிற்க நாலு பேர் இருப்பவரால்தான் ஏகாந்தத்தில் இருக்க முடியும். யாருமே இல்லாதவரிடம் தனிமையின் சுகத்தைப் பற்றிப் பேசுவது, கஞ்சிக்கு வழியில்லாதவரிடம் ஏகாதசி மகிமையைச் சொல்வதற்குச் சமம்.

அரிசி மட்டும் போதாது, இடமும் வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஏகாந்தத்துக்கு எங்கே போவது? கடற்கரை ஊர் என்பதால் மணல் இருக்கிறது, அது ஒரு புண்ணியம். வாடகைக்கு வீடு தேடும் ஒற்றை ஆளைக் கேட்டுப் பாருங்கள். "ஃபேமிலிக்கு மட்டும்" என்பது பாதி வீடுகளில் பதில். தனியாக வீடு எடுக்கும் பெண்ணிடம் யார் யார் வந்து போவார்கள் என்று விசாரிக்கும் வீட்டுக்காரர், யாருமே வரவில்லை என்றால் அதையும் சந்தேகிக்கிறார்.

விரதம் எப்போது பட்டினி ஆகிறது?

இது முக்கியம். ஏகாந்தம் என்று தொடங்கியது கண்ணுக்குத் தெரியாமல் தனிமையாக மாறிவிடும். ஜப்பானில் ஹிகிகோமோரி என்று ஒரு சொல் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவர்கள். 2023-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் அப்படிப்பட்டவர்கள் 14.6 லட்சம் பேர். அவர்களில் பலர் தனிமையை விரும்பிப் போனவர்கள் அல்லர். வேலை போனது, பள்ளியில் அவமானம், வெளியே தலைகாட்ட முடியவில்லை என்று போனவர்கள். உலகத்தில் ஆறில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் அறிக்கை விட்டது. ஆகவே இது ஜப்பான் சமாச்சாரம் மட்டும் இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? தனியாக இருக்கும் நேரத்தில் அந்த ஆள் எதையாவது செய்கிறாரா என்று பார்ப்பேன். படிப்பது, தோட்டம், பூஜை, தூக்கம், சும்மா வேடிக்கை பார்ப்பது, எதுவானாலும் சரி. அவருக்குப் பிடித்த அந்த ஒன்றும் நின்றுபோய், குளியல் தள்ளிப்போய், சாப்பாடு நேரம் கெட்டு, போன் அடித்தால் பயம் வந்தால், அது விரதம் இல்லை. யாரும் வேண்டாம் என்பதற்குப் பின்னால் "என்னை யாருக்கும் வேண்டாம்" என்பது ஒளிந்திருந்தாலும் விரதம் இல்லை. அங்கே பேச்சுத் துணையும் தேவைப்பட்டால் மருத்துவரும் வேண்டும். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

டீச்சர் விஷயத்தில் தெரு தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை, அதுவாக அமைந்தது. விடியற்காலை பால்காரப் பையன் கீழ் கேட்டின் கொக்கியில் மஞ்சள் பையை மாட்டிவிட்டுப் போவான். ஆறரை மணிக்குள் டீச்சர் இறங்கி வந்து பையை எடுத்துக்கொண்டு, நாலு புள்ளியில் ஒரு கோலம் இழுத்துவிட்டு ஏறிப் போவார். ஏழு மணிக்கும் பை தொங்கினால் பூக்காரம்மா பார்ப்பார். அவர் வராத நாளில் எதிர்வீட்டு அண்ணன் பார்ப்பார். டீச்சருக்கு இது தெரியும் என்றும் எங்களுக்குத் தெரியும். ஒரு சாவி பூக்காரம்மாவிடம் இருக்கிறது.

போன மார்கழியில் ஒரு நாள் ஏழரை ஆகியும் பை தொங்கிக்கொண்டிருந்தது. கோலம் இல்லை. பூக்காரம்மா சாவியோடு வந்துவிட்டார், எதிர்வீட்டு அண்ணன் லுங்கியோடு வந்துவிட்டார், நான் பல் தேய்த்தது பாதியில். மூன்று பேரும் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. இன்னொரு தடவை பலமாகத் தட்டினோம். பூக்காரம்மா சாவியைத் துவாரத்தில் நுழைக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

டீச்சர் நின்றார். கண்ணாடி இல்லை, தலைமுடி கலைந்திருந்தது. ராத்திரி இரண்டு மணிவரை ஏதோ தொடர்கதை படித்திருக்கிறார். மூன்று பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார்.

"செத்துப்போயிட்டேன்னு நெனச்சீங்களா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"அந்தப் பாலை எடுத்துட்டு வா தம்பி, கெட்டுடப்போவுது" என்றவர், "வந்ததுதான் வந்தீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க. குடிச்ச உடனே கெளம்பிடணும். இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருக்கு" என்று உள்ளே போனார்.